பரண்ல இருந்து வந்த 1100 (வேப்பமரத்து வீடு, குடும்பக் குழு)

ஞாயிறு, காலை 8:04

லட்சுமி அத்தை: (படம்)
லட்சுமி அத்தை: பரண்ல இருந்து எடுத்த நோக்கியா 1100. சார்ஜர் சொருகினா ஆன் ஆகுது, சிம் போட்டா டவரே காட்டல. அம்மாவுக்குப் பேச மட்டும் போதும், பட்டன் போன்னா கைப்பழக்கம் இருக்கு. சரி பண்ண முடியுமா?

பிரவீன்: அத்தை அது செத்துப்போன கம்பெனி. ஆயுத பூஜைக்கு வைங்க

சேகர் பெரியப்பா: யார்றா செத்துப்போச்சுன்னது? டீ குடிச்சிட்டு வர்றேன், இரு

முருகேசன் மாமா: லட்சுமிம்மா, முதல்ல சார்ஜரைக் கழட்டுங்க. பேட்டரியை எடுத்து கண்ணாடி மேசை மேல படுக்க வச்சு ஒரு விரலால சுத்தி விடுங்க. பம்பரம் மாதிரி சுத்துதா, படிஞ்சு நிக்குதா?

லட்சுமி அத்தை: நல்லா சுத்துது அண்ணே

முருகேசன் மாமா: அப்ப நடு வயிறு உப்பிடுச்சு. அதை மறுபடி போனுக்குள்ள போடாதீங்க. ஊசியால குத்திக் காத்தை எடுக்கிறேன்னு யாரும் கிளம்பிடாதீங்க, லித்தியம், தீ பிடிக்கும். குப்பையிலயும் வேணாம், இ-வேஸ்ட் எடுக்கிறவங்ககிட்ட கொடுங்க.

முருகேசன் மாமா: புதுசு கேக்கிறப்போ பிஎல்-5சி-ன்னு கேளுங்க. 1100 கூட வந்தது 850 எம்ஏஎச், அப்புறம் அதே சைஸ்ல 970, 1020-ன்னு ஏத்துனாங்க. அந்த உடம்புக்குள்ள அவ்வளவுதான் அடங்கும். 1800, 2400-ன்னு அட்டையில போட்டிருந்தா வெறும் எழுத்துதான், எடுக்காதீங்க.

பிரவீன்: மீட்டர் வச்சுப் பாக்கலாமா மாமா?

முருகேசன் மாமா: தாராளமா. மூணு காண்டாக்ட் இருக்கும். ஓரத்துல இருக்கிற ரெண்டும் பிளஸ், மைனஸ். நடுவுல இருக்கிறது கரண்டு எடுக்க இல்ல, "நான் இன்ன பேட்டரி"ன்னு போனுக்குச் சொல்ற கம்பி, உள்ள ஒரு ரெசிஸ்டர் இருக்கும். மீட்டரை டிசி 20 வோல்ட்ல வை. கடைப் புதுசு 3.6, 3.7 காட்டணும். முழு சார்ஜ்ல 4.2. மூணுக்குக் கீழ காட்டினா வருஷக்கணக்கா ஷோகேஸ்ல தூங்குன சரக்கு, திருப்பிக் கொடுத்துடு. நடு காண்டாக்ட்ல பாசி பிடிச்சிருந்தா பேட்டரி நல்லா இருந்தும் சார்ஜ் ஏறாது. ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) தொட்ட பஞ்சால துடைச்சாப் போதும், பிளேடால சுரண்டாதே.

கவிதா அக்கா: இதே பிஎல்-5சி-க்குத்தான் 2007 ஆகஸ்ட்ல உலகம் பூரா எச்சரிக்கை வந்தது. 2005 டிசம்பர்ல இருந்து 2006 நவம்பர் வரைக்கும் மட்சுஷிடாங்கிற ஜப்பான் கம்பெனி செஞ்ச 4 கோடியே 60 லட்சம் பேட்டரி. சார்ஜ் ஏறும்போது உள்ள ஷார்ட் ஆகி சூடு ஏறும். பின்னாடி இருக்கிற 26 எழுத்து நம்பரை வச்சுத்தான் மாத்திக் கொடுத்தாங்க.

லட்சுமி அத்தை: சரி, பேட்டரி வாங்கிடுறேன். டவர் வராததுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்கா?

கவிதா அக்கா: அது வேற கதை அத்தை. என்ன சிம் போட்டீங்க?

லட்சுமி அத்தை: வீட்ல சும்மா இருந்த ஜியோ 4ஜி சிம். சின்னது. அடாப்டர் சட்டத்துல வச்சுப் போட்டேன்

கவிதா அக்கா: 1100-க்கு 900, 1800 மெகாஹெர்ட்ஸ் ஜிஎஸ்எம் மட்டும்தான் தெரியும், அதாவது 2ஜி. ஜியோவுல 2ஜியே கிடையாது, அந்த சிம் இதுல என்ன செஞ்சாலும் எடுக்காது. அதே 1800-ல 4ஜி ஓடினாலும் இந்த போனுக்கு அது வெறும் இரைச்சல். ஏர்டெல், வி, பிஎஸ்என்எல் மூணுலயும் 2ஜி இருக்கு, அதுல ஒண்ணு வேணும்.

கவிதா அக்கா: வேற சிம் போட்டதும் இப்படிப் பாருங்க. *#06# அடிச்சா 15 இலக்க ஐஎம்இஐ, அதாவது போனோட அடையாள நம்பர் வரணும், வந்தா போன் மூளை சரி. அப்புறம் செட்டிங்ஸ்ல நெட்வொர்க்கை மேனுவல்ல தேடச் சொல்லுங்க, ஒரு நிமிஷம் பொறுக்கணும். கம்பெனிப் பேருங்க வரிசையா வந்தா போனோட ரேடியோ நல்லா கேக்குது. பேரு வந்தும் உள்ள விடலைன்னா கோளாறு சிம்ல. பேரே வரலைன்னா போன்ல.

முருகேசன் மாமா: "இன்சர்ட் சிம்"னு வந்தா காண்டாக்ட். "ரிஜிஸ்ட்ரேஷன் பெயில்ட்"னு வந்தா நெட்வொர்க்காரன் ஏத்துக்கல. ரெண்டையும் குழப்பிக்கக் கூடாது. நானோ சிம் 0.67 மிமீ கனம், பழைய சிம் 0.76. அதனால சட்டத்துக்குள்ள ஆடும். பின்னாடி முழுக்க ஒரு செல்லோ டேப் ஒட்டிட்டு உள்ள விடுங்க. சிம் இல்லாம வெறும் சட்டத்தை மட்டும் சொருகி இழுத்தீங்கன்னா சிம் ஸ்பிரிங் ஓட்டையில மாட்டி வளைஞ்சிடும். கடைக்கு வர்ற பாதி "சிம் எடுக்கல" கேஸ் அதுதான்.

காலை 8:41

சேகர் பெரியப்பா: வந்துட்டேன். பிரவீன், செத்தது போன் வியாபாரம். கம்பெனி சாகல. உன் கையில இருக்கிற 5ஜி போன் பேசுற டவர்ல நோக்கியா பெட்டி தொங்கிக்கிட்டு இருக்கலாம்.

பிரவீன்: அது பேரை மட்டும் வாங்கின வேற கம்பெனி இல்லையா பெரியப்பா?

சேகர் பெரியப்பா: பேரை உரிமத்துக்கு எடுத்துப் போன் விக்க வந்தது எச்எம்டி-ங்கிற வேற கம்பெனி, 2016-ல. டவர், எக்ஸ்சேஞ்ச் செய்யிறது அசல் கம்பெனியே. ஆதியில இருந்து சொல்லட்டுமா?

லட்சுமி அத்தை: வேணாம்னா விட்ருவீங்களாக்கும் அண்ணா

சேகர் பெரியப்பா: 1865-ல பின்லாந்துல டாம்பரே ஊர்ல பிரெட்ரிக் இடெஸ்டாம்ங்கிற சுரங்க இன்ஜினியர் போட்ட மரக்கூழ் ஆலை. ரெண்டாவது ஆலை நோக்கியான்னு ஒரு ஊர்ல, ஆத்தங்கரையில. ஊர்ப் பேருதான் கம்பெனிப் பேராச்சு. அதுவும் ஒரு ரப்பர் கம்பெனியும் ஒரு கேபிள் கம்பெனியும் 1967-ல ஒண்ணாச்சு. காகிதம், மழை பூட்ஸ், டயர் எல்லாம் வித்தாங்க. அதெல்லாம் நமக்கு வேணாம். கேபிள் கம்பெனிக்குள்ள 1960-லயே ஒரு எலக்ட்ரானிக்ஸ் பிரிவு ஆரம்பிச்சாங்க பாரு, விதை அங்க.

சேகர் பெரியப்பா: 1981-ல நார்டிக் நாடுங்க என்எம்டி-ன்னு ஒரே முறையில மொபைல் நெட்வொர்க் தொடங்குச்சு. ஸ்வீடன், நார்வே, டென்மார்க், பின்லாந்து நாலுலயும் ஒரே போன் வேலை செய்யும். இதுதான் நோக்கியாவுக்கு அடிச்ச யோகம். நாட்டுக்கு நாடு வேற போன் செய்ய வேண்டியதில்ல. 1982-ல வந்த மொபிரா செனட்டர் கார்ல வைக்கிறது, 10 கிலோ. 1987-ல சிட்டிமேன், கையில பிடிக்கிறது, 800 கிராம், விலை 24,000 மார்க்கா, பின்லாந்தோட பழைய காசு.

பிரவீன்: 800 கிராமா! அத்தை போன் 86 கிராம்னு போட்டிருக்கு

சேகர் பெரியப்பா: ஆனா எல்லாரும் போனை மட்டும் பேசுவாங்க. டிஎக்ஸ் 200-ன்னு அவங்க செஞ்ச டிஜிட்டல் எக்ஸ்சேஞ்சைப் பத்தி யாரும் வாயே திறக்க மாட்டாங்க. 1982-ல இருந்து ஓடினது. ஜிஎஸ்எம் வந்தப்போ எக்ஸ்சேஞ்ச், டவர் ரேடியோ, கைபேசி மூணும் ஒரே கூரைக்குள்ள வச்சிருந்த கம்பெனிங்களை விரல் விட்டு எண்ணிடலாம். 1991 ஜூலை 1, பின்லாந்துல ராடியோலின்யாங்கிற கம்பெனி நெட்வொர்க்ல முதல் ஜிஎஸ்எம் கால். கொஞ்ச நாள் முன்னாடி வரைக்கும் பிரதமரா இருந்த ஹாரி ஹோல்கேரி, டாம்பரே துணை மேயர் காரினா சுவோனியோவுக்குப் பேசினார். நெட்வொர்க் சாமான் நோக்கியாவோடது.

கவிதா அக்கா: அப்பா, நம்மூர்லயும் அதே கதைதானே. 1995 ஜூலை 31, கல்கத்தாவுல இருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு, டெல்லியில மத்திய தொலைத்தொடர்பு மந்திரி சுக்ராமுக்குப் பேசினது. மோடி டெல்ஸ்ட்ரா நெட்வொர்க், நோக்கியா போன்.

சேகர் பெரியப்பா: ஆமா. அப்போ வர்ற காலுக்கும் காசு. 2003 மே மாசம் இன்கமிங் இலவசமானதும்தான் ஜனங்க கையில போன் வந்தது. அதே வருஷம் 1100. நேரம் அப்படி அமைஞ்சது.

முருகேசன் மாமா: 1100-ஐ நேரம்னு மட்டும் சொல்லிடாதீங்க அண்ணே. கீபேட் ஒரே ரப்பர் பாய், இடுக்குல தூசி போகாது. பக்கவாட்டுல பிடி வழுக்காது. மேல டார்ச். 25 கோடிக்கு மேல வித்தது. பிரிக்கிறதும் சுலபம், டி6 ஸ்குரூ டிரைவர் ஒண்ணு போதும். டிஸ்பிளே மங்கினா பாதி நேரம் காண்டாக்டைத் துடைச்சா சரியாயிடும்.

முருகேசன் மாமா: ஒண்ணுக்குத்தான் பயப்படணும், "காண்டாக்ட் சர்வீஸ்"னு ஸ்கிரீன்ல வந்து நிக்கிறது. ஆன் ஆகும்போது போன் தன்னையே சோதிச்சுக்கும், அதுல எது தப்பினாலும் இந்த ஒரே வரிதான். பவர் ஐசியை, அதான் கரண்டைப் பிரிச்சுக் கொடுக்கிற சிப்பை, வேற போன்ல இருந்து பேத்துப் போட்டாலும் இது வரும். ஏன்னா அந்த ஐசியும் மெமரியும் ஜோடி போட்டு வச்சது, மாத்துனா ஐஎம்இஐ ஒத்துப்போகாது.

பிரவீன்: சின்ன வயசுல ரேடியோ பக்கத்துல போன் வச்சா "டட்டட் டட்டட்"னு வருமே, அது என்ன?

கவிதா அக்கா: நல்ல கேள்வி. ஜிஎஸ்எம்ல ஒரு அலைவரிசையை 8 பேர் பங்கு போட்டுக்கிறாங்க. 4.615 மில்லிசெகண்டுக்கு ஒரு சுத்து, அதுல உனக்கு எட்டுல ஒரு பங்கு, 0.577 மில்லிசெகண்ட், அதுக்குப் பேரு ஸ்லாட். அந்த நேரம் மட்டும் போன் முழு பலத்தோட கத்தும், 900-ல உச்சம் 2 வாட், அப்புறம் கம்முன்னு இருக்கும். செகண்டுக்கு 217 தடவை இப்படி. 217 ஹெர்ட்ஸ் காதுக்குக் கேக்கிற அலைதானே, ஸ்பீக்கர் கம்பி அதை ஆன்டெனா மாதிரி பிடிச்சுக்கும். மணி அடிக்கிறதுக்கு ரெண்டு செகண்ட் முன்னாடியே சத்தம் வர்றது, போனும் டவரும் முதல்ல பேசி ஸ்லாட் வாங்குறதால.

கவிதா அக்கா: இன்னொண்ணு. ஸ்லாட் பிசகாம இருக்கணும்னா தூரத்துல இருக்கிற போன் கொஞ்சம் முன்கூட்டியே அனுப்பணும். அதுக்கு 63 படி வச்சாங்க, ஒரு படி சுமார் 550 மீட்டர். அதான் 2ஜி டவர் எல்லை 35 கிலோமீட்டர். கடலுக்குள்ள அதைத் தாண்டிப் போனா போன்ல சிக்னல் கட்டம் காட்டும், கால் மட்டும் போகாது.

பிரவீன்: இவ்வளவு தெரிஞ்ச கம்பெனி எப்படி விழுந்துச்சு? டச் போன் லேட்டா கொண்டுவந்ததாலதானே?

கவிதா அக்கா: எல்லாரும் சொல்றது அதான், எனக்கு ஒப்பல. 2004-லயே 7710-னு டச் போன் விட்டாங்க. சிக்கல் சிம்பியன். கீபேடுக்குன்னு எழுதின அந்த சாப்ட்வேர் மேல டச்சை ஒட்டு போட்டாங்க. 2008-ல வந்த 5800-ல ஒரே லிஸ்ட்ல சில இடத்துல ஒரு தட்டு, சில இடத்துல ரெண்டு தட்டு. ஆப் எழுதுறவன் ஓடிப்போனான்.

முருகேசன் மாமா: நம்ம ஊர்ல விழுந்தது டூயல் சிம்ல. ஒரு சிம்ல ரேட் கட்டர், ஒரு சிம்ல இன்கமிங்னு ஜனங்க ரெண்டு சிம்முக்கு மாறி வருஷமாச்சு. மீடியாடெக் சிப் போட்ட சீன போனும் மைக்ரோமேக்ஸும் கொட்டிக் கெடந்தப்போ, நோக்கியாவோட டூயல் சிம் 2011-லதான் கைக்கு வந்தது.

கவிதா அக்கா: அதே 2011 பிப்ரவரி 11, நோக்கியா தலைமை அதிகாரி ஸ்டீபன் ஈலோப் இனிமே விண்டோஸ் போன்தான்னு அறிவிச்சார். விண்டோஸ் போட்ட முதல் லூமியாவை அறிமுகப்படுத்தினது அக்டோபர் கடைசியில. நடுவுல எட்டு மாசம், "இதுக்கு எதிர்காலம் இல்ல"ன்னு தானே சொன்ன சிம்பியனை எவன் வாங்குவான்? அதுக்கு மேல, அடுத்த வருஷமே பழைய லூமியாவுக்கு விண்டோஸ் போன் 8 வராதுன்னுட்டாங்க.

லட்சுமி அத்தை: ஸ்ரீபெரும்புதூர் பேக்டரி அதனாலதான் மூடினாங்களா?

சேகர் பெரியப்பா: அதுல வரி வழக்கும் சேந்துக்குச்சு. 2006-ல உற்பத்தி தொடங்கினது, ஏறக்குறைய 8,000 பேர், பாதிக்கு மேல பொண்ணுங்க. 2013-ல வருமான வரித்துறை சுமார் 2,080 கோடி கேட்டது. போனுக்குள்ள போடுற சாப்ட்வேருக்காக பின்லாந்துக்கு அனுப்பின பணத்துல டிடிஎஸ் பிடிக்கலைங்கிறது வழக்கு. சொத்தை முடக்கினாங்க. அதனால 2014 ஏப்ரல்ல மைக்ரோசாப்ட் போன் பிரிவை வாங்கினப்போ இந்த ஆலை கூடப் போகல. ஆர்டருக்குச் செஞ்சு கொடுத்துட்டு இருந்தாங்க, ஐயாயிரம் பேருக்கு மேல விருப்ப ஓய்வுல போனாங்க, நவம்பர் 1 அன்னிக்கு நிறுத்தியாச்சு. அப்புறம் அந்த இடத்தை சார்ஜர் செய்யிற சால்காம்ப் எடுத்துக்கிச்சு. அதுவும் பின்லாந்துல பிறந்ததுதான்.

சேகர் பெரியப்பா: ஆனா ஓரகடத்துல 2008-ல தொடங்கின நோக்கியா நெட்வொர்க் ஆலை அதுக்கப்புறமும் ஓடிச்சு. டவர் ரேடியோ, 5ஜி சாமான் வரைக்கும். "நோக்கியா பேக்டரி மூடிட்டாங்க"ன்னு சொல்றவங்க இதை மறந்துடுறாங்க. நெட்வொர்க் வியாபாரத்துல கூட்டாளியா இருந்த சீமென்ஸோட பங்கை 2013-ல வாங்கி, 2016-ல அல்காடெல்-லூசென்டையும் வாங்கினாங்க. அதோட டிரான்சிஸ்டர் பிறந்த பெல் லேப்ஸும் அவங்க வீட்டுக்கு வந்துடுச்சு.

பிரவீன்: ஒத்துக்கிறேன், சாகல

மாலை 6:20

லட்சுமி அத்தை: பேட்டரி வாங்கியாச்சு. கடையிலயே மீட்டர் வச்சுக் காட்டச் சொன்னேன், 3.74. பிஎஸ்என்எல் சிம், டேப் ஒட்டிப் போட்டேன். நாலு கட்டமும் நிக்குது. டார்ச் எப்படி?

முருகேசன் மாமா: சி பட்டனை அமுக்கிப் பிடிச்சா பிடிச்ச வரைக்கும் எரியும். ரெண்டு தட்டு தட்டினா நிலையா நிக்கும். அம்மா அப்படியே தலகாணிக்கு அடியில வச்சுட்டாங்கன்னா காலையில பேட்டரி காலி, அதை மட்டும் பாத்துக்குங்க.

லட்சுமி அத்தை: சார்ஜர் பழசே போடலாமா?

முருகேசன் மாமா: தடிச்ச பின்னு, 3.5 மிமீ, ஒயர் கழுத்துல வெடிப்பு இல்லைன்னா போடலாம். ஊசி பின்னு 2 மிமீ, அது பிந்தி வந்த மாடலுக்கு, இதுல சேராது. முதல் தடவை பக்கத்துலயே இருந்து ஏத்துங்க, பேட்டரி கை பொறுக்காத சூடு ஆனா உடனே கழட்டிட்டு எனக்கு ஒரு போன் போடுங்க.