'திவாலி' ரிடிம் குறுந்தகடு யாரிடமாவது இருக்கிறதா?

நண்பர்களுக்கு வணக்கம். ஜமைக்கா இசையில் பழக்கம் உள்ளவர்கள் உதவ வேண்டும்.

2002-இல் கிரீன்ஸ்லீவ்ஸ் இசை நிறுவனம் வெளியிட்ட 'திவாலி' ரிடிம் தொகுப்பைத் தேடுகிறேன். ரிடிம் என்றால் பல பாடகர்கள் பொதுவாக எடுத்துப் பாடும் தாள இசை. ஸ்டீவன் 'லெங்கி' மார்ஸ்டன் அமைத்த ஒரே தாளம். அதன்மேல் ஆளுக்கொரு பாட்டு. பவுண்டி கில்லர் அதில் உறுமுவார், வெய்ன் வொண்டர் உருகுவார். சான் பால் இதே தாளத்தில் பாடிய 'கெட் பிஸி' 2003-இல் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. பெயர் நம் தீபாவளிதான், திவால் அல்ல. ஆனால் என் நிலை இப்போது இரண்டாவதற்குத்தான் பக்கம்.

பழைய தட்டுகள் விற்கும் ஒருவரிடம் போன மாதம் ஒன்று வாங்கினேன். உறையில் தூசுகூட இல்லை. தட்டைத் திருப்பினால் நடுவிலிருந்து விளிம்புவரை நகக்கீறல் போல ஒரு கோடு. நான்காவது பாட்டு தொடங்கியதும் தாளத்தில் வரும் கைத்தட்டல் மட்டும் விக்கலெடுத்ததுபோலத் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. பணம் திரும்பி வராது என்று சொல்லிவிட்டார்.

பாடல்களை இணையத்தில் தனித்தனியாகக் கேட்டுக்கொள்ளலாம், அது தெரியும். எனக்கு வேண்டியது குரல் இல்லாத வெறும் தாளம். ஜமைக்காவில் ஏழு அங்குலத் தட்டின் பின்பக்கத்தில் அதைப் பதிவார்கள்; 'வெர்ஷன்' என்பார்கள். அந்தத் தட்டோ, கீறல் இல்லாத குறுந்தகடோ வைத்திருப்பவர்கள் விலையோடு எழுதுங்கள். இரவல் தந்தாலும் போதும், பத்திரமாகத் திருப்பித் தருவேன். கீறலை ஓரளவாவது சரிசெய்யத் தெரிந்தவர்களும் சொல்லுங்கள். பற்பசை தேய்க்கும் வைத்தியம் மட்டும் வேண்டாம், செய்து பார்த்துவிட்டேன்.