சின்னப் பிளேனுக்கு மடக்கிற சில்லு தேவையோ?

செம்மண்தறை: 2024 மே 13, அவுஸ்திரேலியா நியூகாசிலில கிங் எயார் பி200 எண்ட ஒரு சின்னப் பிளேன் சில்லு சரியா இறங்காமல், மூண்டு மணித்தியாலத்துக்குக் கிட்ட வட்டமடிச்சு எரிபொருளைக் குறைச்சுப்போட்டு, வயித்தால சறுக்கி இறங்கின வீடியோவை மச்சான் இண்டைக்கு அனுப்பினவன். மூண்டு பேருக்கும் ஒண்டுமில்லை. விமானியைப் புகழுங்கோ, சரி. ஆனால் சில்லே மடங்காது எண்டால் இந்தக் கூத்து வருமோ? பழகிறவை ஓட்டுற செஸ்னா 172 எண்ட ஒற்றை எஞ்சின் பிளேன் உலகம் முழுக்க நிரந்தரச் சில்லோடைதானே பறக்குது?

காங்கேசன்துறைக்காத்து: 172ஐயும் கிங் எயாரையும் ஒரே தராசில வைக்கிறியள். கிங் எயார் இரட்டை எஞ்சின், 172ஐ விட இரண்டு மடங்குக்கு மேல வேகம். தொங்கிற சில்லு காத்தில இழுபடும். கச்சான் காத்துக்கு எதிரா சைக்கிளில வாழைக்குலை கட்டி மிதிச்சுப் பாருங்கோ.

செம்மண்தறை: சிர்ரஸ் எஸ்ஆர்22 எண்ட சின்னப் பிளேனுக்கும் சில்லு மடங்காது. 180 நொட்ஸுக்கு (மணிக்கு 330 கிலோமீற்றருக்கு) கிட்டப் போகுதே! சில்லுக்கு மேல கூடு போட்டால் போதும்.

காங்கேசன்துறைக்காத்து: பலாலி விமான நிலையத்தில எழும்பி மயிலிட்டிக் கடலுக்கு மேல எஞ்சின் நிண்டால்? நீட்டின சில்லு முதல்ல தண்ணியைக் குத்தும், பிளேன் குப்புற விழக்கூடும். மடக்கின வயிறு சறுக்கும். உங்கடை உழுத தறையில இறக்கினாலும் இதுதான் கதை.

பழையஸ்பனர்: தம்பிமார், நான் தெற்கில பிளேன் திருத்திற ஒரு ஹாங்கரில கன காலம் கை கறுத்தவன். பிளேனை ஜாக்கில தூக்கிச் சில்லை மடக்கி விரிச்சுப் பாப்பம். மூண்டும் இறங்கிப் பூட்டுப்பட்டால் விமானிக்கு முன்னால மூண்டு பச்சை லைற் எரியும். ஒருநாள் ஒண்டு எரியேல்லை. அரைநாள், சில்லை இறக்கி ஏத்திற எண்ணெய் ஓடுற ஹைட்ரோலிக் குழாயெல்லாம் கழட்டினம். கடைசியில பாத்தால், பூட்டோடை இருக்கிற விரல்நுனி அளவு சுவிச்சில கிறீஸும் மண்ணும் அப்பிக்கிடக்கு. சில்லு முதலே பூட்டித்தான் இருந்தது.

1972இல அமெரிக்காவில ஈஸ்டர்ன் எயார்லைன்சின்ரை 401ஆம் இலக்கப் பிளேன் மயாமிக்குப் பக்கத்தில விழுந்ததும் ஒரு பல்பாலதான். மூக்குச் சில்லின்ரை லைற் எரியேல்லை எண்டு எல்லாரும் அதைப் பாத்துக்கொண்டிருக்க, பிளேன் மெல்ல மெல்ல இறங்கினதை ஒருத்தரும் காணேல்லை. நூறு பேருக்கு மேல செத்தவை. அந்தச் சில்லும் இறங்கித்தான் இருந்தது.

செம்மண்தறை: அப்ப அண்ணை என்ரை பக்கம்! மடக்காட்டி சுவிச்சும் இல்லை, பல்பும் இல்லை.

காங்கேசன்துறைக்காத்து: அவசரப்படாதேங்கோ. 2011, போலந்தின்ரை வோர்சோவில லொட் எயார்லைன்சின்ரை போயிங் 767, உள்ளுக்கு 231 பேர். ஹைட்ரோலிக் ஒழுகிப் போட்டுது. மாற்று வழியால இறக்க மோட்டர் இருந்தது, அதுக்குக் கரண்ட் குடுக்கிற பிரேக்கர் (வீட்டில ட்ரிப் ஆகிற சுவிச் மாதிரி) விழுந்து கரண்ட் இல்லாமல் கிடந்ததை விமானிகள் கவனிக்கேல்லை. வயித்தால இறக்கிச்சினம், ஒருத்தரும் சாகேல்லை. பிறகு பிளேனைத் தூக்கி, பிரேக்கரைத் தள்ளிவிடச் சில்லு இறங்கிச்சுது! பிழை ஆரில?

செம்மண்தறை: பிழை விடக்கூடிய சாமானைப் பிழை விடுற ஆக்களிட்டைக் குடுத்ததில.

பழையஸ்பனர்: பழக வாற பெடியளுக்கு நிரந்தரச் சில்லுதான், அதில செம்மண்தறை சொல்லுறது சரி. சில்லை இறக்க மறந்து வயித்தால இறக்கினால் புரொப்பெல்லர் ஓடுபாதையில அடிச்சு வளையும், எஞ்சினை முழுக்கப் பிரிக்கோணும். பழக்கிறவன் அந்த பில்லை எங்கை கட்டுறது? தூரம் போறதுக்கு மடக்கத்தான் வேணும். காங்கேசன்துறைத் தம்பி, உம்மடை வாழைக்குலைக் கணக்கு மட்டும் பிழை. கச்சானுக்கு முதல் பின்சில்லு நெளிஞ்சுபோம்.