அம்மை எழும் நான்கு மணி: அறிவும் ஞானமும் எங்கே பிரிகின்றன?

கேள்வி (தக்கலை):
நான் உளவியலில் முதுகலை படித்தவன். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிவந்த அப்பா சென்ற ஆண்டு காலமானார். அதன்பின் அம்மை அதிகாலை நான்கு மணிக்கே எழுந்து அடுக்களையில் தனியே உட்கார்ந்திருப்பதைக் கண்டு, துயரத்தால் உறக்கம் கெடுவதைப் பற்றி நான் படித்தவற்றையெல்லாம் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். அம்மை தலையாட்டினார், மறுநாளும் எழுந்தார். பத்தாம் வகுப்பைத் தாண்டாத மைனி (அண்ணி) மட்டும் ஒன்றும் கேட்காமல் கூடவே எழுந்து, இரண்டு டம்ளரில் பாலில்லாத கட்டன்சாயா போட்டு, ஒன்றை அம்மையின் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் அமர்ந்தார். அப்பா தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிய நேரம் அது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதைச் சிறுவயது முதல் நானும் பார்த்தவன்தானே? அறிவுக்கும் ஞானத்துக்கும் உள்ள தூரம் இதுதானா?

மறுமொழி (ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மார்த்தாண்டம்):
தம்பி, திருக்குறளில் ‘குறிப்பறிதல்’ என்ற தலைப்பு இருமுறை வருகிறது: பொருட்பாலில் 71ஆம் அதிகாரமாகவும், காமத்துப்பாலில் 110ஆம் அதிகாரமாகவும். முன்னது, ஒருவர் வாய்திறந்து கூறாததை முகம் பார்த்தே அறியும் திறமை. பின்னது, அன்புகொண்டவளின் பார்வையிலேயே அவள் உள்ளத்தைக் காண்பது. முதலாவது பயிற்சியால் கைகூடும், இரண்டாவது அன்பில்லாமல் கைகூடாது என்றே நான் வகுப்பில் சொல்லிவந்தேன். நீங்கள் அம்மையின் முகத்தில் அறிகுறிகளைத் தேடியபோது, அந்த வீட்டில் யார் இல்லாமற்போனார் என்பதை மைனி நினைத்திருக்கிறார்.

மறுமொழி (குலசேகரம்):
நானும் பால் வெட்டுகிறவன். வெயில் ஏறினால் பால் ஒழுக்கு குறைந்துவிடும் என்பதால்தான் இருட்டிலேயே போகிறோம். கத்தி மேலோட்டமாகப் போனால் பால் வராது. ஒரு நூல் ஆழம் கூடினாலோ மரத்தில் காயம்பட்டு, அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். இதை ஒரே நாளில் சொல்லிக்கொடுத்துவிடலாம். ஆனால் கை நிதானப்பட எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று. அதுவரை நான் கெடுத்த மரங்களை இன்றும் பார்த்துக்கொண்டுதான் வெட்டுகிறேன். நீங்கள் அம்மையிடம் சொன்னது தவறில்லை, ஆழம்தான் கூடிப்போயிற்று.

மறுமொழி (சாமிதோப்பு):
படிப்பைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. அம்மை சாப்பாட்டைத் தள்ளினாலோ, இருந்து என்ன பயன் என்று பேசத் தொடங்கினாலோ, சாயா மட்டும் போதாது, மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும் என்பதை முதலில் உணரப்போவது நீங்கள்தான். ஆனால் எங்கள் ஊரிலுள்ள அய்யாவழி வழிபாட்டிடமான பதியில் கும்பிட நிற்பவர் முன்னால் கண்ணாடி இருக்கிறது. அதில் தம் உருவமே தெரியும். அப்படி ஒருமுறை நின்று, அப்பா போன துக்கத்தை நீங்கள் யாரிடம் சொன்னீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். அம்மைக்கு அத்தனை விளக்கம் சொன்னது உங்கள் அழுகையைத் தள்ளிப்போடுவதற்காகவும் இருக்கலாம்.

கேள்வி கேட்டவர்:
நான் இன்னும் அழவில்லை என்பது உண்மை. நாளை மூன்று டம்ளர் எடுத்துவைக்கும்படி மைனியிடம் சொல்லியிருக்கிறேன்.