ஐரிஷ் நாடகக்காரர் ஷான் ஓ'கேஸியின் ‘ஜூனோ’ (Juno and the Paycock) நாடகம்: மேடையேத்தறவங்களுக்கு உறுத்திக்கிட்டே இருக்கிற இடம் எது?

லைட்டுக்காரன்:
மூணாம் அங்கம். மேரி மாதா படத்துக்குக் கீழே சிவப்புக் கிண்ணத்துல எரியற விளக்கு ஒரு துடி துடிச்சு அணையுது, ஜூனோவோட மகன் ஜானி அலறுறான். கொஞ்ச நேரத்துல துப்பாக்கியோட ரெண்டு பேர் வந்து அவனை இழுத்துட்டுப் போறாங்க. கூட்டாளியைக் காட்டிக் கொடுத்தவன் இல்லையா. முழு நாடகமும் அந்த விளக்குதான், அதைத்தான் மேடையில கெடுத்துடறாங்க. நிஜத் திரி வெச்சா சொன்ன நேரத்துல அணையாது. விங்குல இருந்து காத்தடிச்சா முதல் அங்கத்துலயே அணைஞ்சு தொலையும். பல்பு போட்டு சுவிட்சைத் தட்டினா கரண்ட் போன மாதிரி இருக்கும், ஜனம் சிரிச்சிடும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற டிம்மர்ல தனி லைன் கொடுத்து, ரெண்டு தடவை துடிக்கவிட்டு, மூணு நாலு செகண்டுல இறக்கணும். பின்சுவர்ல வெளிச்சம் கொட்டினா கிண்ணம் எரியறதே தெரியாது, அப்புறம் அணைஞ்சா யாருக்குத் தெரியும்?

வெறும்பலகை:
கடைசிக் காட்சி. மகன் செத்தாச்சு, ஜூனோ மகளோட கிளம்பியாச்சு. ஒண்ணும் தெரியாம அவ புருஷன் பாயிலும் அவன் சிநேகிதன் ஜாக்ஸரும் முட்டக் குடிச்சுட்டு வர்றாங்க. நாற்காலியெல்லாம் எங்கேன்னு தேடறான் பாயில். மிச்சமிருந்த ஆறு பென்ஸ் காசு கீழே விழுது. தரையில துணி விரிச்சிருந்தா அந்தச் சத்தம் செத்துடும். பலகைதான் வேணும்.

தவணைக்கடை:
லைட்டுக்காரரே, விளக்கை மட்டும் பிடிச்சுக்கிட்டா எப்படி? நாடகமே சாமான்ல இருக்கு. சொத்து வருதுன்னு நம்பி ரெண்டாம் அங்கத்துல கடனுக்கு வாங்கிக் குவிக்கிறாங்க: சோஃபா, காகிதத் தோரணம், கிராமபோன். உறவுக்காரர் உயில்ல பேர் எழுதாம ‘முதல் கசின், இரண்டாம் கசின்’னு அதைத் தயாரிச்ச பெண்டம்ங்கிறவன் எழுதி வெச்சதால, அமெரிக்கா ஆஸ்திரேலியாவில இருந்தெல்லாம் உரிமை கொண்டாட ஆள் கிளம்புது. கடைக்காரன் ஆளனுப்பி அள்ளிட்டுப் போறான். ரெண்டே பேர் தூக்கணும். கனமான சோஃபா வாசல்ல சிக்கினா, அடுத்து வர்ற சாவுக்காட்சி போச்சு. உள்ளே சட்டம் மட்டும் வெச்ச சோஃபா செய்யுங்க, வாசலை சோஃபாவை விட அரை அடி கூடுதல் அகலமா விடுங்க. ஓ'கேஸி ரயில்வேயில கூலி வேலை பார்த்தவர், 1914-ல ஐரிஷ் குடிமக்கள் படைக்குச் செயலாளர். டப்ளின் வாடகை அறைகள்லயே கிடந்தவருக்கு ஒரு சாமான் வெளியே போற அவமானம் தெரியும். 1924 மார்ச்ல ஆபி தியேட்டர்ல இது ஏறினப்போ வயசு 43, அந்த மாசக் கடைசியிலதான் 44.

பெயர்ப்பு:
யாரும் கேக்கலைதான், ஆனாலும் சொல்றேன். தமிழ்ல போடறவங்க எல்லாரும் சறுக்குற வார்த்தை, கடைசிக் காட்சியில பாயில் சொல்ற ‘சேஸிஸ்’. குழப்பம்னு அர்த்தம் வர்ற ‘கேயாஸ்’ (chaos) அவன் வாயில சிதைஞ்சு அப்படி வருது. லிவர்பூலுக்கு ஒரே ஒரு தடவை கரிக்கப்பல்ல போயிட்டு கேப்டன்னு சொல்லிக்கிறவன், பெரிய வார்த்தைன்னா தப்பாத்தான் சொல்லுவான். ‘பெருங்குழப்பம்’னு சுத்தமா எழுதினா ஆளே மாறிடுவான். ‘அல்லோலகல்லோலம்’ங்கிறதை ‘அல்லாகல்லோலம்’னு உளற விடலாம். ஆனா முடிவுல மட்டும் போட்டா, நடிகர் தடுமாறிட்டார்னு நினைச்சுக்குவாங்க. முன்னாடியே, குடிக்காம இருக்கும்போதே, ரெண்டு தடவை அதே தப்போட சொல்ல வைங்க. சிரிச்சுப் பழகின வார்த்தை கடைசியில காலி அறையில வரும்போது சிரிப்பு பாதியில நிக்கணும். வட்டார வழக்குல போடறவங்க ஒரே ஊர்ப் பேச்சா வைங்க. ஜூனோ மதுரை, பாயில் கோவைன்னு கலக்காதீங்க, புருஷன் பொண்டாட்டி அவங்க.

லைட்டுக்காரன்:
சோஃபா விஷயம் ஒத்துக்கிறேன். ஆனா அதைத் தூக்கும்போது விளக்கு மாட்டின சுவரை இடிக்காம வழி வைங்க, ஒயர் பிடுங்கிக்கும். கிண்ணத்துக்கு உள்பக்கம் எண்ணெய்த்தாள் ஒட்டுங்க, இல்லைன்னா முன்வரிசைக்கு பல்பு தெரியும்.