வாங் வியங்கில் இப்போதும் அந்த டியூப் கூத்து நடக்கிறதா?

பயணப்பித்து:
டிசம்பரில் மூன்று பேராக லாவோஸ் போகிறோம். வியஞ்சானில் இறங்கி, வாங் வியங்கில் மூன்று ராத்திரி, அப்புறம் லுவாங் பிரபாங். லாரி டியூபில் உட்கார்ந்து ஆற்றில் மிதந்துகொண்டே கரையோர பார் ஒவ்வொன்றிலும் ஏறி இறங்கலாம் என்று ஒருவன் ஏதோ பழைய வீடியோவைக் காட்டி உயிரை எடுக்கிறான். இன்னொருவன் வீட்டில் 2024 செய்தியைப் பார்த்துவிட்டு அந்த ஊரே வேண்டாம் என்கிறார்கள். எனக்கு நீச்சல் சுமார்தான், பீரைத் தாண்டிக் குடிப்பதில்லை. போனவர்கள் சொல்லுங்கள்.

பழைய டியூப்:
அந்த வீடியோ 2012க்கு முந்தையதாகத்தான் இருக்கும். நான் 2010இல் போனபோது நாம் சோங் ஆற்றங்கரை முழுக்க மூங்கில் மேடை போட்ட பார்கள். மிதந்து வருகிறவர்களுக்குக் கயிறு வீசிக் கரைக்கு இழுப்பார்கள், சின்ன பிளாஸ்டிக் வாளியில் விஸ்கியும் சோடாவும் கலந்து நாலைந்து ஸ்ட்ரா போட்டு நீட்டுவார்கள், அதைக் குடித்துவிட்டுக் கயிற்று ஊஞ்சலில் ஆடி ஆற்றில் குதிக்க வேண்டியது, கீழே பாறை எங்கே ஆழம் எங்கே என்று குதிக்கிறவனுக்கும் தெரியாது. 2011இல் மட்டும் குறைந்தது 27 பயணிகள் செத்ததாக உள்ளூர் ஆஸ்பத்திரிக் கணக்கை வைத்துச் செய்தி வந்தது. 2012 ஆகஸ்டில் அரசாங்கம் இறங்கி பார்களை மூடி, ஊஞ்சல், சறுக்கு எல்லாவற்றையும் பிரித்துப் போட்டது. பிறகு ஒன்றிரண்டு திறந்தன, அவ்வளவுதான். 2023இல் மறுபடி போனேன். ஆற்றில் கயாக் துழாவுகிற கொரியக் குடும்பங்கள், மேலே பலூன், ராத்திரி டவுனுக்குள் நாலைந்து இடத்தில் பாட்டுச் சத்தம். பழைய ஆட்டத்தைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான். எனக்கு இதுதான் பிடித்தது, வயசாகிவிட்டது போல.

வார்டு நைட் டூட்டி:
2024 நவம்பரில் அங்கே மெத்தனால் கலந்த மதுவால் ஆறு வெளிநாட்டுப் பயணிகள் இறந்தார்கள், அதில் ஆஸ்திரேலியப் பெண்கள் இருவருக்கு வயது 19. நம் கள்ளக்குறிச்சியில் அதே வருடம் ஜூனில் அறுபதுக்கு மேல் உயிர்களை வாங்கியதும் இதே மெத்தனால்தான், இதற்கு ஏழை பணக்காரன் வித்தியாசம் கிடையாது. கலந்திருந்தால் நிறத்திலோ ருசியிலோ கண்டுபிடிக்க முடியாது. முதல் ராத்திரி சாதாரணப் போதை மாதிரியே இருக்கும். உடம்பு அதை ஃபார்மிக் அமிலமாக மாற்ற நேரமாகும், அதனால் அரை நாளோ ஒரு நாளோ கழித்துத்தான் பார்வை மங்கும், மூச்சு வாங்கும், வயிற்றைப் பிரட்டும். ஹேங்ஓவர் என்று நினைத்துப் போர்த்திக்கொண்டு படுத்தால் போச்சு, உடனே பெரிய ஆஸ்பத்திரி, டயாலிசிஸ் வரை தேவைப்படலாம். அங்கிருந்து சிலரை எல்லை தாண்டித் தாய்லாந்துக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது, அதை யோசியுங்கள். இலவச ஷாட், வாளிக் கலவை, லேபிள் இல்லாத லாவ்-லாவ் (அந்த ஊர் அரிசிச் சாராயம்) மூன்றும் வேண்டாம். கண் முன்னால் திறக்கிற பீர் போதும்.

குகைவாசி:
அதற்காக ஊரையே ஒதுக்குவது அநியாயம், சுண்ணாம்பு மலைக்கு நடுவே அந்த ஆற்றைப் பார்த்தால் தெரியும். பீர்லாவ் பாட்டிலோடு ஆற்றங்கரையில் உட்கார்ந்தாலே ராத்திரி கழிந்துவிடும். மெனுவில் 'ஹேப்பி' என்று போட்ட பீட்சா, ஷேக் எல்லாம் கஞ்சா அல்லது காளான் சமாச்சாரம். லாவோஸில் அது சட்டவிரோதம், மாட்டினால் பெரிய தலைவலி. 2021 டிசம்பரில் ரயில் வந்த பிறகு வியஞ்சானிலிருந்து ஒரு மணி நேரம்தான், ஆனால் டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். டியூபில் போவதானால் மதியத்துக்கு முன்பே கிளம்புங்கள். டிசம்பரில் தண்ணீர் மெதுவாகப் போகும், நான் மூன்று மணிக்கு இறங்கி, இருட்டில் எந்தக் கரை டவுன் என்று தெரியாமல் தடவிக்கொண்டு வந்து சேர்ந்தேன், டியூபைத் தாமதமாகக் கொடுத்ததற்கு முன்பணத்திலும் பிடித்துக்கொண்டார்கள்.

பயணப்பித்து:
நன்றி. வீடியோ நண்பனுக்கு இதை அனுப்பினேன், முகம் தொங்கிவிட்டது. டியூபோடு லைஃப் ஜாக்கெட் தருவார்களா?

குகைவாசி:
எனக்குத் தந்தார்கள். கையில் வாங்கியதும் கொக்கி மாட்டுகிறதா என்று அங்கேயே பாருங்கள், என்னுடையது மாட்டவில்லை, பாதி ஆற்றில்தான் கவனித்தேன்.