சின்ன செயற்கைக்கோள் தானே முடிவெடுக்கலாமா?

கோள்வழி:
எங்கள் கல்லூரிக் குழு 3யூ கியூப்சாட் (10 சென்டிமீட்டர் கனசதுரம் மூன்றை அடுக்கிய அளவுள்ள சின்ன செயற்கைக்கோள்) ஒன்றைக் கட்டுகிறது. எப்போது படம் எடுப்பது, எதை முதலில் அனுப்புவது என்று செயற்கைக்கோளே முடிவு செய்யட்டும் என்பது என் கட்சி. 500 கிலோமீட்டர் உயரத்தில் போகும் கோள் நம் தரைநிலையத்துக்கு மேலே வந்தால் ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் தேறினாலே அதிகம். அப்படி நாளுக்குச் சில தடவைதான். மற்ற நேரமெல்லாம் அது தனியாகத்தான் கிடக்கிறது. 2020-இல் ஏவிய ஐரோப்பாவின் ஃபை-சாட்-1, மேகம் மூடிய படங்களை மேலேயே அடையாளம் கண்டது. அதுவும் கியூப்சாட்தானே?

தரைக்காரன்:
படத்தைக் கழிப்பது வேறு, தனக்குத் தானே கட்டளை போட்டுக்கொள்வது வேறு. முதலாவதில் தப்பு நடந்தால் ஒரு படம் போகும். இரண்டாவதில் பாட்டரி காலியாகி கோளே போகும். 1999 மே மாதம் நாசாவின் டீப் ஸ்பேஸ் 1 கலத்தை ரிமோட் ஏஜென்ட் என்ற மென்பொருள் ஓட்டியது. அயனி எஞ்சினை நிறுத்த வேண்டிய நேரத்தில் நிறுத்தவில்லை. மென்பொருளில் ஒரே நேரத்தில் ஓடும் இரண்டு திரெட்கள் (நிரல் இழைகள்) ஒன்றுக்கொன்று காத்து அப்படியே நின்றுவிட்டன. தரையில் எவ்வளவோ சோதித்த மென்பொருள் அது. இதே மாதிரியான பிழையை அதே மென்பொருளின் வேறொரு பகுதியில் மாடல் செக்கிங் (மென்பொருள் போகக்கூடிய நிலைகளையெல்லாம் கணினியை வைத்தே சரிபார்ப்பது) செய்து 1997-இலேயே பிடித்திருந்தார்கள். அப்படியும் இது தப்பிவிட்டது. அவர்களுக்கே இந்தக் கதி என்றால், பரீட்சைக்கு நடுவே நிரல் எழுதும் மாணவர்களுக்கு?

கோள்வழி:
மீதிக் கதையையும் சொல்லுங்கள். தரைக்குழு அந்த மென்பொருளை நிறுத்தியது, கலத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, சில நாளில் சோதனையின் இலக்குகளும் நிறைவேறின. அப்புறம் பூமியைப் படமெடுத்த நாசாவின் இஓ-1 செயற்கைக்கோளைப் பாருங்கள். 2004 மே மாதம் அன்டார்டிகாவின் எரெபஸ் எரிமலையில் வெப்பத்தைக் கண்டு, மறுபடி படம் எடுக்கத் தானே திட்டத்தை மாற்றியது. யாரும் கீழிருந்து சொல்லவில்லை.

தரைக்காரன்:
இஓ-1 சுமார் 570 கிலோ. உங்களுடையது?

சுடர்:
எடையை வைத்து முடிவு செய்ய வேண்டாம். இஓ-1-இல் ஓடிய காஸ்பர் பிளானரே (எதை எப்போது செய்வது என்று திட்டம் போடும் மென்பொருள்) 2013-இல் ஐபெக்ஸ் என்ற 10 சென்டிமீட்டர் கியூப்சாட்டிலும் பறந்தது. என் யோசனை இது: பிளானர் ஒரு கணினியில் ஓடட்டும். பாட்டரி வோல்டேஜ் எல்லைக்குக் கீழே போனால், பிளானர் என்ன சொன்னாலும் கேட்காமல் சேஃப் மோடுக்குக் (அவசியமானவை மட்டும் ஓடும் பாதுகாப்பு நிலை) கொண்டுபோகும் நிரல் தனி மைக்ரோகண்ட்ரோலரில் (சின்னக் கணினிச் சில்லு) இருக்கட்டும். அந்த நிரல் நாலு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. அப்போதுதான் ஒவ்வொரு வரியையும் உட்கார்ந்து படிக்க முடியும்.

தரைக்காரன்:
சரி, இதற்கு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ரேடியோ ரிசீவரை அணைக்கும் உரிமை பிளானருக்கு ஒருபோதும் வேண்டாம். அது போனால் நாம் பேசவே வழியில்லை. முதல் மூன்று மாதம் பிளானர் திட்டம் மட்டும் போட்டுக் கீழே அனுப்பட்டும். நாம் படித்துப் பார்த்த பிறகு நடத்த விடலாம்.

கோள்வழி:
ரிசீவர் விஷயம் நியாயம், எழுதி வைத்துவிட்டேன். மூன்று மாதம் முடியாது. எங்கள் கோள் மொத்தமே ஒரு வருடம் இருந்தால் பெரிது. ஒரு மாதம்.