நகரியிலிருந்து சென்னைக்கு ஒரு நாள்: திருமணத்துக்கு எதை எங்கே வாங்குவது?

கேள்வி: ஏகாம்பரகுப்பத்தான்

அனைவருக்கும் வணக்கம். வரும் தை மாதத்தில் என் தங்கைக்குத் திருமணம். முகூர்த்தப் பட்டுச்சேலை ஒன்று, உறவினருக்கு வைத்துக்கொடுக்க இருபத்தைந்து சேலைகள், திருமணப் பத்திரிகை, சீர்வரிசைப் பாத்திரங்கள், தாம்பூலப் பைகள் ஆகிய அனைத்தையும் ஒரே நாளில் சென்னையில் வாங்கிவிட வேண்டும் என்பது வீட்டார் போட்டிருக்கும் திட்டம். ஆந்திராவில் உள்ள எங்கள் நகரிக்குப் பக்கத்து ஏகாம்பரகுப்பம் நிலையத்தில் காலை ரயிலில் ஏறினால் முற்பகலில் சென்ட்ரலில் இறங்கி, மாலை ரயிலைப் பிடித்து இரவுக்குள் நகரிக்குத் திரும்பிவிடலாம். இடையில் கிடைக்கும் ஆறு மணி நேரத்தை எங்கே செலவிடுவது என்பதில்தான் சிக்கல். தியாகராய நகரைத் தவிர வேறெங்கும் போகக் கூடாது என்கிறார் அப்பா. சவுகார்பேட்டையில் பாதி விலைக்குக் கிடைக்கும்போது அங்கே ஏன் போக வேண்டும் என்கிறார் தாய்மாமா. அம்மாவுக்கு மூட்டுவலி இருப்பதால் அதிக தூரம் நடக்க இயலாது.

சென்ற முறை அக்காவின் வளைகாப்புக்குச் சென்னைக் கடை ஒன்றில் வாங்கிய சேலைகளில் ஒன்றின் முந்தானையில் இழை அறுந்திருந்ததை வீட்டுக்கு வந்து பிரித்த பிறகுதான் கண்டோம். அதற்காக மறுபடியும் ரயில் ஏறிப் போனால், 'பணம் திருப்பித் தரப்படமாட்டாது' என்று ரசீதின் அடியில் பொடி எழுத்தில் இருந்த வரியைக் காட்டி, மாற்றுச் சேலை மட்டுமே தந்தார்கள். ஆகவே இம்முறை யோசித்துப் போக விரும்புகிறோம். விவரம் தெரிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில்: பாரிமுனைக் கணக்கர்

எனக்குச் சொந்த ஊர் புத்தூர். பாரிமுனையில் மொத்த வியாபாரக் கடையொன்றில் பல ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறேன். உங்கள் பட்டியலைப் பார்த்தவுடன் தோன்றியது இதுதான்: இது ஒரே கடைத்தெருவில் முடிகிற பட்டியல் அன்று. ஆறு மணி நேரத்தில் பாரிமுனை, தியாகராய நகர் இரண்டையும் பார்த்துவிடலாம் என்று எண்ணினால் எதையும் உருப்படியாகப் பார்க்க முடியாது.

சென்ட்ரலுக்குப் பக்கம், உங்கள் மாமா சொல்லும் சவுகார்பேட்டையை ஒட்டிய பாரிமுனைதான். மெட்ரோவில் ஏறினால் அடுத்த நிலையமே உயர் நீதிமன்றம். மின்தூக்கி இருப்பதால் உங்கள் அம்மா படியேற வேண்டியதில்லை. அங்கிருந்து என்.எஸ்.சி. போஸ் சாலையில் இறங்கினால் ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு சரக்கு. பத்திரிகை அட்டைகளுக்கு ஆண்டர்சன் தெரு, துணிக்குக் கோடவுன் தெரு, அலங்காரப் பொருள்களுக்கும் தாம்பூலப் பை போன்ற சில்லறைச் சாமான்களுக்கும் காசி செட்டித் தெரு. ஆனால் உங்கள் மாமா சொல்லும் 'பாதி விலை'யில் ஒரு கண்ணி இருக்கிறது. கோடவுன் தெருவில் பல கடைகள் செட்டாகத்தான் கொடுப்பார்கள். ஒரு கட்டுக்குள் இருக்கும் ஆறு சேலையும் ஒரே டிசைனில், நிறம் மட்டும் மாறி வரும். அத்தைக்கும் சித்திக்கும் சம்பந்தியம்மாளுக்கும் ஒரே டிசைனைக் கொடுத்துவிட்டுப் பந்தியில் அவர்கள் முகத்தில் விழிப்பது உங்கள் பாடு.

பத்திரிகையைப் பொறுத்தவரை ஒரு யோசனை. நம் பக்கத்துப் பத்திரிகை ஒருபுறம் தமிழும் மறுபுறம் தெலுங்குமாக இருந்தாக வேண்டும். அச்சடிக்காத அட்டையையும் உறையையும் மட்டும் ஆண்டர்சன் தெருவில் வாங்கிக்கொண்டு, அச்சடிப்பதை நகரியிலோ புத்தூரிலோ வைத்துக்கொள்ளுங்கள். என் மகள் திருமணத்தின்போது இங்கேயே அச்சுக்குக் கொடுத்து, தெலுங்குப் பக்கத்தில் மாப்பிள்ளையின் ஊர்ப்பெயர் பிழையாக வந்ததால் நானூறு அட்டைகளில் பேனாவால் திருத்தினோம்.

பாத்திரத்துக்காகச் சென்னை வரவே வேண்டாம். எவர்சில்வரும் பித்தளையும் எங்கும் எடைக்குத்தான் விலை. கிலோவுக்கு மிஞ்சுகிற சொற்பத் தொகை சுமைக்கூலிக்கும் ஆட்டோவுக்கும் போய்விடும். அண்டாவைத் தூக்கிக்கொண்டு மாலை ரயிலில் ஏறிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். திருத்தணியிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

மற்றொன்று, ஞாயிற்றுக்கிழமை வராதீர்கள். மொத்தக் கடைகள் அன்று மூடியிருக்கும். நடைபாதைக் கடைகள்தான் இருக்கும். உங்கள் மாமா பழைய நினைவில் பந்திக்குக் காய்கறி வாங்கக் கொத்தவால் சாவடியைத் தேடினாலும் தேடுவார். அந்தச் சந்தை 1996-லேயே கோயம்பேட்டுக்குப் போய்விட்டது.

பதில்: நாராயணவனத்துத் தறிவீடு

மேலே எழுதிய ஐயா சேலையை மேலோட்டமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டதால், நெசவுக் குடும்பத்தில் பிறந்தவள் என்ற முறையில் நான் தொடர்கிறேன். உறவினருக்கு இருபத்தைந்து சேலைகள் வாங்க நகரிக்காரர் சென்னைக்குப் போவது எனக்கு வியப்பாக இருக்கிறது. நகரி, புத்தூர், நாராயணவனம் வட்டாரத்தில் தறிச் சத்தம் கேட்காத தெரு குறைவு. நெய்கிறவரிடமே நேரில் போனால், டிசைனுக்கு ஒன்றாகப் பிரித்து வாங்கலாம். இழை அறுந்திருந்தால் மறுநாளே போய் மாற்றிக்கொள்ளலாம்.

முகூர்த்தப் பட்டுக்கு நான் சொல்வது காஞ்சிபுரம். அரக்கோணத்தில் இறங்கினால் செங்கல்பட்டு செல்லும் ரயில் காஞ்சிபுரம் வழியாகத்தான் போகிறது, பேருந்தும் உண்டு. அங்கே கூட்டுறவுச் சங்க விற்பனை நிலையங்கள் இருக்கின்றன. எந்தக் கடைக்குப் போனாலும் சேலையை மடிப்போடு பார்த்து மயங்காமல், விரித்துத் திருப்பச் சொல்லுங்கள். உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் இருந்து, அவை சேரும் இடம் பல் பல்லாகக் கோத்து வாங்கியிருந்தால் அது கோர்வை. கரைக்கு ஒரு நாடா (குறுக்கிழையை ஓட்டும் தறிக் கருவி), உடலுக்கு ஒரு நாடா என்று தனித்தனியாக ஓட்டி, நெசவாளருக்குத் துணையாக இன்னொருவரும் தறியில் உட்கார்ந்து நெய்வது வழக்கம். அதனால்தான் அந்த விலை. அடுத்து, ஓரத்தில் தொங்கும் சரிகை இழை ஒன்றை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். அசல் சரிகை என்பது பட்டு இழையின்மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் பூசுவது. உள்ளே சிவப்பு நிறப் பட்டு தெரிய வேண்டும். சில்க் மார்க் சீட்டு தொங்குகிறது என்பதற்காக இந்தச் சோதனையை விட்டுவிடாதீர்கள். மத்திய பட்டு வாரியத்தின் ஏற்பாட்டில் வந்த அந்த முத்திரை பட்டு அசல் என்று மட்டுமே உறுதி சொல்கிறது. சரிகையைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

பதில்: மேற்கு மாம்பலம்

நாராயணவனத்துத் தங்கை எழுதியதை மதிக்கிறேன்; ஆனாலும் ஒரு மறுப்பு. நகத்தால் சுரண்டிப் பார்க்கத் தெரிந்தவருக்குக் காஞ்சிபுரம் சரி. தெரியாதவரைப் பேருந்து நிலையத்திலேயே ஆட்டோக்காரர் பிடித்துக்கொண்டு, தமக்குத் தரகு தரும் கடை வாசலில் இறக்கிவிடுவார். அந்தத் தரகும் சேலை விலையில்தான் ஏறும். எங்கள் வீட்டில் அப்படி ஒருமுறை நடந்திருக்கிறது. தி.நகர் பனகல் பார்க்கைச் சுற்றியுள்ள பழைய பட்டுக் கடைகளில் பேரம் கிடையாது, ஆனால் ஏமாற்றமும் குறைவு. அம்மா உட்கார்ந்த இடத்துக்கு நூறு சேலை வரும். சென்ட்ரலுக்கு எதிரே பூங்கா நிலையத்தில் மின்சார ரயில் ஏறி மாம்பலத்தில் இறங்குங்கள். ரங்கநாதன் தெருவின் நெரிசலில் மூட்டுவலிக்காரரை அழைத்துச் செல்ல வேண்டாம். 2023-ல் திறந்த ஆகாய நடைமேம்பாலம் நிலையத்திலிருந்து தி.நகர் பேருந்து நிலையம் வரை போகிறது, அங்கிருந்து ஆட்டோ பிடித்துக்கொள்ளலாம். மாலை ரயில் தவறினாலும் கவலை இல்லை. திருத்தணி வரை புறநகர் ரயில் இருக்கிறது, அங்கிருந்து நகரி பேருந்து.

பதில்: ஏகாம்பரகுப்பத்தான்

அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு பதில்கள் எல்லாவற்றையும் வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். உறவினர் சேலைகளுக்கு அடுத்த வாரமே நாராயணவனம் போகிறோம்; இங்கே பதில் எழுதிய நாராயணவனத்து அக்கா அனுமதித்தால் அவர்கள் வீட்டுத் தறியையும் பார்த்துவிட்டு வருவோம். பாத்திரத்துக்குத் திருத்தணி. பத்திரிகை அட்டைக்கும் தாம்பூலப் பைக்கும் நானும் மாமாவும் மட்டும் ஒரு புதன்கிழமை பாரிமுனை போய் வருகிறோம். பட்டு விஷயத்தில் மாம்பலத்து அண்ணன் சொல்வதையே அம்மா ஏற்றுக்கொண்டார். உட்கார்ந்த இடத்துக்குச் சேலை வரும் என்ற வரியை மட்டும் இரண்டு முறை படிக்கச் சொன்னார். ஆனால் சரிகையைச் சுரண்டிப் பார்க்காமல் வாங்கப் போவதில்லை என்கிறாள் தங்கை. அதற்காக நகம் வளர்க்கத் தொடங்கியிருக்கிறாள். மாமா மட்டும் இன்னும் கோடவுன் தெருவை விடவில்லை. ஒரே டிசைனில் ஆறு சேலை எடுத்தால் ஆறையும் அத்தையிடமே கொடுத்துவிடலாமே என்கிறார்.